கமிட் உண்டு, பிகின் எங்கே? பைத்தானின் டேட்டாபேஸ் விதி மேல் ஒரு விமர்சனம்

போன வருஷம் பொங்கல் முடிந்ததும் அப்பாவோடு சேர்ந்து ஒரு வேலை ஆரம்பித்தேன். எங்கள் ஊர் வயல்களுக்கும் மடைகளுக்கும் ஓடைகளுக்கும் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்களைத் திரட்டும் வேலை. பட்டாவில் சர்வே நம்பர் இருக்கும். ஆலடிப் பத்து, நொண்டி மடை, குதிரைப்பாறை மேடு என்றெல்லாம் வாயில் புழங்குகிற பெயர்கள் நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் இல்லை. அவை இருப்பது 78 வயதாகும் அப்பாவின் ஞாபகத்தில். ராத்திரி சாப்பிட்ட பிறகு அவர் போனில் சொல்லச் சொல்ல, நான் பைத்தான் ஷெல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சின்ன ஃபங்ஷன் வழியாக எஸ்க்யூலைட் ஃபைலில் ஏற்றிக்கொண்டே வந்தேன். நாலு ராத்திரி, 212 பெயர்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் முடிக்கும்போது எத்தனை ரோ ஏறியிருக்கிறது என்று ஒரு குவெரி ஓட்டிப் பார்ப்பேன். 61, 118, 170, 212 என்று ஒழுங்காக வந்தது. லேப்டாப்பை மூடிவைத்தால் ஷெல்லும் அப்படியே தூங்கும். ஐந்தாம் நாள் காலையில் ஷெல்லை விட்டு வெளியேறி, மறுபடி திறந்து எண்ணினேன். பூஜ்யம். டேபிள் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

காரணம் உங்களில் பலருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். என் ஃபங்ஷனில் கமிட் இல்லை. தப்பு என்னுடையதுதான், அதில் வாதமே கிடையாது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவன் செய்யக்கூடாத தப்பு. ஆனால் அன்றைக்கு என்னை உறுத்தியது வேறொரு கேள்வி. நாலு நாளாக ஒரு டிரான்சாக்ஷன் திறந்தே கிடந்திருக்கிறது. நான் அதைத் திறக்கவே இல்லையே? யார் திறந்தது? திறந்ததை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? நான் வெளியேறும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய ஆவணங்களைப் படித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. மொபைலில் படிப்பவர்கள் அதிகம் என்பதால் கோட் துண்டுகள் போடாமல் வாயாலேயே சொல்கிறேன்.

விதி எங்கிருந்து வந்தது

பைத்தானில் எந்த டேட்டாபேஸுக்கு லைப்ரரி எழுதினாலும் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பொது ஒப்பந்தம் உண்டு. பெப் 249 என்று பெயர். 1999ல் வந்தது, மார்க்-ஆந்த்ரே லெம்புர்க் தொகுத்தது. கனெக்ட் என்று ஒரு ஃபங்ஷன், அது தரும் கனெக்ஷன், கனெக்ஷன் தரும் கர்சர், கர்சரில் எக்ஸிக்யூட், பிறகு ஃபெட்ச்ஒன், ஃபெட்ச்மெனி, ஃபெட்ச்ஆல். இன்றைக்கு எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்று எதைத் தொட்டாலும் நாம் இந்த ஒரே சொற்களைப் பயன்படுத்துவது இந்த ஆவணத்தின் புண்ணியம். இவ்வளவு சின்ன ஒப்பந்தம் இத்தனை வருஷம் தாங்கி நிற்பது லேசான காரியம் இல்லை. அதற்கான மரியாதையோடுதான் குறை சொல்கிறேன்.

டிரான்சாக்ஷன் விஷயத்தில் அந்த ஆவணம் சொல்வது மூன்று. டேட்டாபேஸில் ஆட்டோகமிட் வசதி இருந்தால், ஆரம்பத்தில் அது அணைக்கப்பட்டிருக்க வேண்டும். முடிப்பதற்குக் கனெக்ஷனில் கமிட், ரோல்பேக் என்று இரண்டு மெதட். கமிட் செய்யாமல் கனெக்ஷனை மூடினால் செய்ததெல்லாம் ரோல்பேக் ஆகும்.

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். பிகின் இல்லை. ஒரு டிரான்சாக்ஷனை முடிக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள், தொடங்குவதற்கு ஒரு வழியும் கிடையாது. அது தானாகத் தொடங்கும். எப்போது தொடங்கும் என்பது அந்தந்த லைப்ரரி எழுதியவர் கையில்.

என் புகார் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான். தொடங்குவது கோடில் கண்ணுக்குத் தெரியாததால், முடிக்க வேண்டும் என்ற நினைப்பும் வருவதில்லை. அடுப்பைப் பற்றவைத்தவனுக்கு அணைக்கணும் என்று ஞாபகம் வரும். தானாகப் பற்றிக்கொள்ளும் அடுப்பாக இருந்தால் எப்படி வரும்?

எஸ்க்யூலைட்: ஒரே கதவு, பல தாழ்ப்பாள்

எஸ்க்யூலைட்டின் சுபாவம் ஆட்டோகமிட். நாம் பிகின் என்று சொல்லாவிட்டால் ஒவ்வொரு இன்சர்ட்டும் அப்போதே டிஸ்க்குக்குப் போய்விடும். பைத்தானின் எஸ்க்யூலைட் மாட்யூல் 2006ல் பைத்தான் 2.5 உடன் உள்ளே வந்தது. பெப் 249 ஆட்டோகமிட் கூடாது என்கிறது, எஸ்க்யூலைட்டோ ஆட்டோகமிட் என்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்யூல் எடுத்த சமாதானம் இது: இன்சர்ட், அப்டேட், டெலீட், ரிப்ளேஸ் என்று வரும் வாக்கியங்களுக்கு முன்னால் மட்டும் நமக்குத் தெரியாமல் ஒரு பிகினை அதுவே அனுப்பும். செலக்ட்டுக்கு அனுப்பாது. கிரியேட் டேபிளுக்கும் அனுப்பாது. என் டேபிள் பிழைத்து, ரோக்கள் மட்டும் போனதற்கு இதுதான் காரணம்.

பழைய பதிப்புகளில் இன்னொரு கூத்தும் இருந்தது. டிரான்சாக்ஷன் நடுவே கிரியேட் டேபிள் வந்தால், அதுவரை செய்ததை மாட்யூலே கமிட் செய்துவிடும். பிறகு ஏதாவது பிழை வந்து நீங்கள் ரோல்பேக் கேட்டால் பாதிதான் திரும்பும். 2016 டிசம்பரில் வந்த 3.6ல் இதை நிறுத்தினார்கள். ஆனால் பல வாக்கியங்களைச் சேர்த்து ஓட்டும் எக்ஸிக்யூட்ஸ்கிரிப்ட் மெதட், பழைய முறையில் இன்றைக்கும் முதலில் ஒரு கமிட் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஆக, கேட்காமல் திறக்கிறது, சில இடங்களில் கேட்காமல் மூடுகிறது.

'வித் கனெக்ஷன்' என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறோம். ஃபைலை வித் போட்டுத் திறந்தால் கடைசியில் மூடப்படும். எஸ்க்யூலைட் கனெக்ஷனை வித் போட்டால் கமிட்டோ ரோல்பேக்கோ நடக்கும், கனெக்ஷன் மூடப்படாது. போஸ்ட்கிரெஸுக்கான சைக்கோபிஜி 2லும் அப்படித்தான். அதே குடும்பத்தில் அடுத்து வந்த சைக்கோபிஜி 3ல் மூடப்படும். ஒரே சொல்லுக்கு மூன்று லைப்ரரியில் இரண்டு அர்த்தம்.

ஃபெட்ச் சொன்ன பொய்

இப்போது அந்த 61, 118, 170, 212க்கு வருவோம். நான் தினமும் சரிபார்த்தேனே, அது ஏன் உதவவில்லை?

ஒரு கனெக்ஷன் தான் எழுதியதை, கமிட் ஆகாவிட்டாலும் பார்க்கும். அது சரியான நடத்தைதான், அப்படி இல்லாவிட்டால் டிரான்சாக்ஷனுக்குள் எந்த வேலையும் செய்ய முடியாது. ஆனால் எழுதிய அதே கனெக்ஷனில் ஃபெட்ச் செய்து பார்ப்பது, டிஸ்க்கில் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதிலே ஆகாது. நான் தினமும் கேட்டது என்னிடமே கேட்ட கேள்வி. இன்னொரு கனெக்ஷன் திறந்து எண்ணியிருந்தால் முதல் ராத்திரியே பூஜ்யம் வந்திருக்கும்.

இன்னொரு சமிக்ஞையும் வந்தது, நான்தான் தட்டிவிட்டேன். மூன்றாம் நாள் வேறொரு ஸ்கிரிப்ட்டிலிருந்து அதே ஃபைலில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தப் போனபோது, ஐந்து வினாடி யோசித்துவிட்டு, டேட்டாபேஸ் லாக் ஆகியிருக்கிறது என்று பிழை வந்தது. பைத்தான் மாட்யூல் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அந்த ஐந்து வினாடி. ஷெல் திறந்திருக்கிறதே, அதனால் இருக்கும் என்று ஸ்கிரிப்ட்டை மூடிவிட்டேன். ஷெல் திறந்திருப்பதால் லாக் வராது, கமிட் ஆகாத எழுத்து இருந்தால்தான் வரும். தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

ஃபெட்ச் பக்கம் இப்படி மௌனமாக ஏமாற்றும் இடங்கள் இன்னும் சில உண்டு.

ஃபெட்ச்ஒன், ரோ இல்லாவிட்டால் நன் என்ற வெறுமையைத் தரும். ஆனால் காலி டேபிளில் அதிகபட்ச எண் என்ன என்று கேட்டால், ஒரு ரோ வரும், அதற்குள் நன் இருக்கும். ரோ வந்ததா என்று மட்டும் சோதிக்கும் கோட், வந்தது என்று நினைத்து உள்ளே போய்விடும்.

ஃபெட்ச்ஒன் என்று ஒவ்வொன்றாக எடுத்தால் மெமரி மிச்சம் என்று ஒரு நம்பிக்கை. எஸ்க்யூலைட்டில் அது உண்மை, கேட்கக் கேட்கத்தான் அடுத்த ரோ வரும். சைக்கோபிஜி 2ல் சாதாரண கர்சர் என்றால், எக்ஸிக்யூட் முடியும்போதே மொத்த ரிசல்ட்டும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து இறங்கிவிடும். நீங்கள் ஒவ்வொன்றாக எடுப்பது ஏற்கெனவே வீட்டுக்கு வந்த மூட்டையிலிருந்து. உண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டுமென்றால் கர்சருக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அப்போது அது சர்வரில் நிற்கும், லூப் ஓடும்போது 2000, 2000 ரோவாகக் கொண்டுவரும். மெதட் பெயர் ஒன்று, நடப்பது இரண்டு.

ஒரு டேபிளை செலக்ட் செய்து லூப்பில் படித்துக்கொண்டே, அதே கனெக்ஷனில் அதே டேபிளை அப்டேட் செய்வது இன்னொரு பழக்கம். மாற்றிய ரோ அந்த லூப்பில் மறுபடி வருமா வராதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று எஸ்க்யூலைட் ஆவணமே சொல்கிறது. சின்ன டேபிள் என்றால் இங்கே ஃபெட்ச்ஆல் போட்டு முதலில் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஃபெட்ச்ஆல் என்றாலே கெட்ட வார்த்தை மாதிரி பேசுவோர் இதைக் கவனிக்கணும்.

இதற்கு நேர் எதிராக, சத்தம் போடும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். குவெரிக்கு ஒரே ஒரு மதிப்பைக் கொடுக்கும்போது, டப்பிளில் கமா போட மறந்தால் பைத்தான் அதை வெறும் சரமாக எடுத்துக்கொள்ளும். சரத்தின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒரு மதிப்பாக எண்ணப்படும். 'மடை' என்று தேடினால், நான் கேட்டது ஒன்று, நீ கொடுத்தது மூன்று என்று பிழை வரும், ம, ட, ஐகாரக் குறி என்று மூன்று. 'தீ' என்று தேடினால் இரண்டு. 'ஈ' என்று தேடினால் ஒன்றுதான், அதனால் பிழையே வராமல் ஓடிவிடும்! முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன். ஆனால் இந்தப் பிழையால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்திருக்காது. கத்துகிறது, ஒரு நிமிஷத்தில் திருத்துகிறோம். கத்தாதவைதான் நாலு நாள் உழைப்பைத் தின்கின்றன.

படிக்கத்தானே செய்தேன்?

எழுத மறந்தால் டேட்டா போகும், சரி. படிப்பதில் என்ன ஆபத்து?

சைக்கோபிஜி 2ல் செலக்ட்டுக்கு முன்னாலும் பிகின் போகும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ரிப்போர்ட் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. காலையில் ஒரு செலக்ட் ஓட்டும், ரோக்களை ஃபெட்ச் செய்யும், பிறகு அடுத்த முறைக்காகக் கனெக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும். எழுதாத ஸ்கிரிப்ட் என்பதால் கமிட் பற்றி யாரும் நினைக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் பக்கம் அது 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று நாள் முழுக்க நின்றது. ஒருநாள் அந்த டேபிளில் ஒரு காலம் சேர்க்க ஆல்டர் டேபிள் ஓட்டினார்கள். தூங்கும் செலக்ட்டின் லாக் விடுபடும்வரை ஆல்டர் காத்திருந்தது. ஆல்டர் வரிசையில் நிற்பதால் அதற்குப் பின்னால் வந்த எல்லா செலக்ட்டும் காத்திருந்தன. அப்ளிகேஷன் அப்படியே உறைந்துபோனது. ஒரு ரோவைக்கூட மாற்றாத ஸ்கிரிப்ட்தான் காரணம் என்று கண்டுபிடிக்க மத்தியானம் ஆனது.

இரண்டு விபத்துக்கும் வேர் ஒன்றுதான். கோடில் இல்லாத ஒரு பிகின்.

எதிர்த்தரப்பு

நியாயமாக அந்தப் பக்கத்தையும் பார்க்கணும். எஸ்க்யூஎல் தரநிலையிலேயே டிரான்சாக்ஷன் தானாகத் தொடங்குவதுதான் வழக்கம், ஆரக்கிளும் அப்படித்தான். பைத்தான்காரர்கள் ஆகாயத்திலிருந்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டோகமிட் ஆபத்தானதும்கூட. ஒரு கணக்கில் கழித்து இன்னொரு கணக்கில் கூட்டுவதற்கு நடுவே புரோகிராம் செத்தால், பணம் அந்தரத்தில் நிற்கும். தானாகத் தொடங்கும் முறையில் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும். பாதி எழுதுவதைவிட ஒன்றுமே எழுதாமல் இருப்பது மேல் என்பது அவர்கள் வாதம். வங்கிக் கணக்கு விஷயத்தில் நானும் அவர்கள் கட்சிதான்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு, சேர்ந்து நடக்க வேண்டியவை எவை என்று தெரிந்து, முடியுமிடத்தில் கமிட் போடுகிறவருக்குத்தான் கிடைக்கிறது. அப்படித் தெரிந்தவருக்கு மேலே ஒரு பிகின் எழுதுவது பாரமா? தெரியாதவருக்கோ இந்த முறை பாதுகாப்பும் தரவில்லை, எச்சரிக்கையும் தரவில்லை.

ஜாவாவின் ஜேடிபிசியும் ஓடிபிசியும் ஆட்டோகமிட் போட்டுத்தான் கனெக்ஷனைத் தருகின்றன. பைத்தானுக்குள்ளேயே ஜாங்கோ, 2013ல் வந்த 1.6 பதிப்பிலிருந்து பெப் 249ன் வழக்கத்தைத் திருப்பிப் போட்டு ஆட்டோகமிட்டை டிஃபால்ட் ஆக்கியது. சேர்ந்து நடக்க வேண்டியதை 'அட்டாமிக்' என்ற பிளாக்குக்குள் எழுது என்றது. அந்த பிளாக்கின் முதல் வரிதான் நான் தேடும் பிகின், கோடில் கண்ணெதிரே நிற்கிறது. சைக்கோபிஜி 3லும் 'டிரான்சாக்ஷன்' என்று அப்படி ஒரு பிளாக் வந்துவிட்டது. மறுபக்கம், எஸ்க்யூஎல்ஆல்கெமி 2023ல் வந்த 2.0ல் தன் ஆட்டோகமிட்டை எடுத்துவிட்டு, கமிட்டை நீயே எழுது என்று சொன்னது. ஆனால் அதுவும் பிகின் பிளாக் ஒன்றைக் கையோடு தருகிறது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் தொடக்கத்தைக் கண்ணில் காட்டும் ஒரு வழியை வைத்திருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

பைத்தானின் எஸ்க்யூலைட் மாட்யூலும் 2023 அக்டோபரில் வந்த 3.12ல் ஆட்டோகமிட் என்று ஒரு அமைப்பைத் தந்தது. ட்ரூ என்றால் எஸ்க்யூலைட்டின் இயல்பு. ஃபால்ஸ் என்றால் பெப் 249 சொன்னபடி எப்போதும் ஒரு டிரான்சாக்ஷன் திறந்திருக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய முறை. வருங்காலப் பதிப்பு ஒன்றில் டிஃபால்ட் ஃபால்ஸ் ஆகும் என்று ஆவணம் சொல்கிறது. பழைய அரைகுறை சமாதானத்தைவிட இது தெளிவு, மறுக்கவில்லை. ஆனால் என் 212 பெயர்களை ஃபால்ஸ் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றாது. மூடும்போது அதே மாதிரி சத்தமில்லாமல் ரோல்பேக். 3.13ல், கனெக்ஷனை மூடாமல் விட்டால் எச்சரிக்கை வருகிறது. நல்ல திசைதான். ஆனால் ஒழுங்காக மூடுகிறவனிடம், "இன்னும் கமிட் ஆகாத எழுத்து இருக்கிறதே" என்று யார் சொல்வது? டிரான்சாக்ஷன் திறந்திருக்கிறதா என்று மாட்யூலுக்குத் தெரியும், கேட்டால் சொல்லும். தானாகச் சொல்லாது. அந்த ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தாலே போதும் என்பது என் கட்சி.

நான் இப்போது செய்வது

சொந்த வேலைக்கு ஆட்டோகமிட் ட்ரூ போட்டுத் திறக்கிறேன். பழைய பைத்தான் என்றால் ஐசொலேஷன் லெவலை நன் என்று வைத்தால் அதே பலன். சேர்ந்து நடக்க வேண்டியது இருந்தால், பிகின் என்று நானே அனுப்பி, நல்லபடி முடிந்தால் கமிட், பிழை வந்தால் ரோல்பேக் செய்யும் பத்து வரி பிளாக் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இதில் ஒரு எச்சரிக்கை: ஆட்டோகமிட் ட்ரூ என்றால் கனெக்ஷனின் கமிட், ரோல்பேக் மெதட்கள் ஒன்றுமே செய்யாது, வித் கனெக்ஷனும் செய்யாது. அவற்றை எஸ்க்யூஎல் வாக்கியமாகத்தான் அனுப்பணும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பிகின் போடாமல் ஆயிரக்கணக்கில் இன்சர்ட் செய்தால் ஆமை வேகம். பழைய 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் வினாடிக்குச் சுமார் 60 டிரான்சாக்ஷன்தான் முடியும் என்று எஸ்க்யூலைட் ஆவணமே கணக்குச் சொல்கிறது. ஆனால் மெதுவாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும் குறை. எரிச்சல் வந்து பிகின் போடுவேன். டேட்டா காணாமல் போவது அப்படித் தெரிவதில்லை.

எது எப்படியோ, எழுதியதைச் சரிபார்க்கும்போது இன்னொரு கனெக்ஷனில் எண்ணுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப் போங்கள்.

அப்பாவிடம் மறுபடி கேட்டேன். "போன வாரம்தானேடா அவ்வளவும் சொன்னேன், எழுதிக்கலையா?" என்றார். எழுதினேன்ப்பா, கமிட் ஆகலை என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அழிஞ்சுபோச்சுப்பா என்றேன். பொறுமையாகச் சொன்னார். இந்தத் தடவை 197 வந்தது. மிச்சம் 15 எவை என்று அவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. போன மாசம் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே இரண்டு பெயர்கள் வந்து விழுந்தன. அவை அந்தப் பழைய பட்டியலில் இருந்தவையா, புதுசா என்று சொல்ல வழியில்லை. உடனே ஏற்றிவிட்டு, வேறொரு கனெக்ஷன் திறந்து எண்ணிப் பார்த்தேன். 199.